கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கம்: போரில் உயிர் தப்பியவர்கள் கேட்கும் கேள்விகள்

இறுதிப் போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அன்று பதினைந்து வயதில் செல் (எறிகணை) காயத்தோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பிள்ளைக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. அன்று நாற்பதில் இருந்தவர்கள் இன்று நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மாதா மாதம் கிளினிக் போகிறார்கள். அவர்களுடைய கிளினிக் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். சீனி அளவு இருக்கும், பிரஷர் இருக்கும், குளிசைகளின் பெயர் இருக்கும். இடது தோளுக்குள் ஒரு இரும்புத் துண்டு கிடப்பதும், ஒரு காது கேளாததும், இரவு மூன்று மணிக்குமேல் நித்திரை வராததும் அதில் இருக்காது. வைத்தியர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வாங்கில் இன்னும் எண்பது பேர் காத்திருக்கிறார்கள்.

வன்னியில் வீட்டுத் திண்ணைகளிலும் கிளினிக் வாங்குகளிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். இங்கே இருப்பது பொதுவான விளக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் வைத்தியர்தான்.

உடம்புக்குள் செல் துண்டு இருக்கிறது. இத்தனை வருடமாக ஒன்றும் செய்யவில்லை. எடுத்துவிட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். துண்டைத் தேடித் தசையைக் கிழிப்பதால் வரும் சேதம், துண்டு கிடப்பதால் வரும் சேதத்தைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால்தான் அன்றே விட்டுவைத்தார்கள். உடம்பு அதைச் சுற்றித் தடித்த சவ்வு ஒன்றைக் கட்டி ஒதுக்கி வைத்துவிடுகிறது.

விதிவிலக்குகள் உண்டு. பழைய தழும்பு திடீரென்று சிவந்து, வீங்கி, சீழ் பிடித்தால் காட்ட வேண்டும். துண்டு இடம் மாறி நரம்பை அழுத்தி, கை காலில் விறைப்போ மின்சாரம் பாய்வது போன்ற வலியோ வந்தாலும் காட்ட வேண்டும். பலருக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று, மூட்டுக்குள் கிடக்கும் ஈயம். செல் துண்டு பெரும்பாலும் உருக்கு; துப்பாக்கிச் சன்னத்தில் ஈயம் இருக்கும். மூட்டில் ஊறும் திரவம் ஈயத்தை மெல்ல மெல்லக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கக்கூடும். காரணம் தெரியாத வயிற்று வலி, இரத்தச்சோகை, சோர்வு, மறதி ஆகியவை பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் இதனால் வரலாம். இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். முழங்காலிலோ இடுப்பு மூட்டிலோ சன்னம் இருப்பவர்கள் இதை வாய் திறந்து கேளுங்கள்.

இன்னொன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். கண்ணுக்குள்ளோ, மூளையிலோ, முள்ளந்தண்டு வடத்துக்கு அருகிலோ காந்தம் இழுக்கக்கூடிய துண்டு இருந்தால் அது அசைந்து, மிஞ்சியிருக்கும் பார்வையையோ உணர்ச்சியையோ கெடுத்துவிடலாம். உள்ளே போகுமுன் சொன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். சி.டி. ஸ்கேனில் காந்தம் கிடையாது, இந்தப் பயமும் கிடையாது.

எந்த ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லையே?

யாரிடமும் இல்லை. நந்திக்கடலில் நெஞ்சளவு தண்ணீரில் வந்தவர்களின் நோய் அட்டைகள் அங்கேயே போய்விட்டன. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் எழுதிய பதிவுகளும் அப்படித்தான். ஆகவே பழையதைத் தேடி அலையாமல் புதிதாக ஒன்று உண்டாக்குங்கள். காயம் இருக்கும் இடங்களுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து, அறிக்கையைக் கைத்தொலைபேசியிலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்: எந்த ஆண்டு, எந்த இடத்தில் காயம், உள்ளே என்ன இருக்கிறது, எந்த உறுப்பு அகற்றப்பட்டது. மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களுக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும். அவர்களுக்குச் சில கிருமித் தொற்றுகள் மிக வேகமாகப் பரவும். தடுப்பூசி தேவை, காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பலர் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தழும்பைப் பார்த்தாலே "நீ இயக்கத்தில் இருந்தாயா?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றிக் காட்டியவர்களுக்கு வைத்தியரின் கேள்வியும் விசாரணை போலத்தான் கேட்கும். அந்தப் பயத்தை அற்பமென்று நான் சொல்லமாட்டேன். காயம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொன்னால் வைத்தியத்துக்குப் போதும்.

செயற்கைக் கால் போட்டு நன்றாக நடக்கிறேன். இன்னும் எதற்கு மையத்துக்கு வரச் சொல்கிறார்கள்?

கால் தேயும், நீங்களும் மாறுவீர்கள். 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான ரப்பர்ப் பாதம்தான் நம்முடைய ஊர்களில் பெரும்பாலானோருக்குப் பழக்கம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் மையம் இயங்குகிறது. செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தியிருக்கலாம், வயல் சேற்றில் இறங்கலாம் என்பதற்காகவே வடிவமைத்த பாதம் அது. ஆனாலும் சேற்றிலும் மணலிலும் உழைக்கிற ஒருவருக்குச் சில வருடங்களில் அது மாற்ற வேண்டியதாகிவிடும். எஞ்சிய காலின் சதை வற்றும், அல்லது உடம்பு பருத்து ஊதும். எஞ்சிய காலைச் செருகும் குவளை பொருந்தாமல் போகும். பொருந்தாத குவளைக்குள் துணியைச் சுற்றித் திணித்துக்கொண்டு நடப்பவர்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். தோல் உரிவது அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது காரணம் நல்ல கால். செயற்கைக் காலோடு நடக்க உடம்புக்குக் கூடுதல் சக்தி செலவாகிறது, முழங்காலுக்கு மேல் இழந்தவர்களுக்கு இன்னும் அதிகம். களைப்பதால் நடை குறைகிறது, நடை குறைவதால் எடை ஏறுகிறது, எடை முழுவதும் அந்த ஒற்றை முழங்காலில் இறங்குகிறது. இருபது வருடம் கழித்து வலிக்கப்போவது பெரும்பாலும் அந்த முழங்காலும் நாரியும்தான். இதோடு நீரிழிவும் சேர்ந்துவிட்டால், மிஞ்சிய பாதத்தை இரவு படுக்குமுன் ஒரு கண்ணாடி வைத்து அடிப்பாகம் வரை பார்ப்பது கட்டாயம். ஒரு முள் குத்தியதைக் கவனிக்காமல் விட்டால் இருக்கிற காலும் போகும்.

சிறுவயதில் கால் இழந்தவர்களின் கதை வேறு. வளரும் பருவத்தில் வெட்டிய எலும்பின் நுனி தோலை விட வேகமாக வளர்ந்து குத்தும். சிலருக்குத் திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டதற்கு அதுதான் காரணம். முந்தைய சத்திரசிகிச்சை பிழையாகச் செய்யப்பட்டது என்று நினைத்துக் கோபப்பட வேண்டியதில்லை.

இல்லாத கால் வலிக்கிறது. சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்களுக்குத் தெரியாது, விடுங்கள். போன காலின் வரைபடம் மூளையில் இன்னும் அழியாமல் இருக்கிறது. விரல் மடங்கிப் பிடித்தது போலவும், பாதம் எரிவது போலவும் தோன்றுவது மிகச் சாதாரணம். நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உண்டு. பனடோல் இதற்கு அதிகம் கேட்காது. இரு கால்களுக்கும் நடுவே ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை மெல்ல அசைக்கும் பயிற்சி சிலருக்குக் கைகொடுக்கிறது. செலவு ஒரு கண்ணாடிதான்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. சக்கர நாற்காலியில் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. எதில் கவனம் வேண்டும்?

தோல், சிறுநீர், நெருப்பு. இந்த மூன்றிலும்தான் உயிர்கள் போகின்றன.

படுக்கைப்புண் ஒரு இரவில் வரும். ஆற ஒரு வருடம் எடுக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே சதை நசுங்கி இரத்தம் ஓடாமல் சாகிறது. நமக்கென்றால் குறுகுறுக்கும், நாமே நெளிந்துகொள்வோம். உங்களுக்கு அந்தச் சேதி மூளைக்குப் போகாது. ஆகவே பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் ஒரு தடவை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள், முடியாவிட்டால் முன்னால் குனிந்து பாரத்தை மாற்றுங்கள். இரவில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்த இரண்டு மணிக்கொருமுறை யார் எழும்புகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தாய். அவருக்கு இப்போது எழுபது வயது, அவருடைய நாரி வலிக்கு யாரும் புத்தகம் எழுதவில்லை. முறை மாற்ற வீட்டில் இன்னொருவர் வேண்டும்.

சிறுநீரில் நாற்றம், கலங்கல், காய்ச்சல் என்றால் தள்ளிப்போடாதீர்கள். கிருமி ஏறி ஏறிச் சிறுநீரகம் கெட்டுப்போவதே நீண்டகாலத்தில் பெரிய ஆபத்து. வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் செய்யக் கேளுங்கள். கழிவறைக்குப் போவது கஷ்டம் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறவர்கள் நிறையப்பேர், முக்கியமாகப் பெண்கள். அகலமான கதவும், சரிவுப் பாதையும், கைபிடியும் உள்ள ஒரு கழிவறை அவர்களுக்கு மருந்தைப் போலவே வேண்டியது.

நெருப்பைப் பொறுத்தவரை, அடுப்பருகே இருக்கும்போதும், மடியில் தேநீர்க் கோப்பையை வைக்கும்போதும், வெயிலில் கொதித்த நாற்காலிச் சட்டத்தில் கால் படும்போதும் வலி வந்து எச்சரிக்காது. கண்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முள்ளந்தண்டில் நெஞ்சு மட்டத்திலோ கழுத்திலோ காயம் பட்டவர்கள் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: திடீரென்று தாங்கமுடியாத தலையிடி, முகம் சிவந்து வியர்வை, பிரஷர் எகிறல் வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிறைந்த சிறுநீர்ப்பைதான் காரணம். சரியாகாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

காது இரைகிறது. வயசா?

வயசாகவும் இருக்கலாம். ஆனால் செல் அருகில் விழுந்தவர்களுக்குச் செவிப்பறை கிழிந்திருக்கலாம், உட்காது நரம்பு கெட்டிருக்கலாம். வகுப்பில் "கவனமில்லாத பிள்ளை" என்று பெயரெடுத்த சிலருக்கு உண்மையில் கேட்கவில்லை. செவிப்புலன் சோதனை வலியில்லாதது, சிறிது நேரத்தில் முடிந்துவிடும். ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

மே மாதம் வந்தாலே உடம்பு ஒத்துழைப்பதில்லை. இது நோயா?

முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சிப் பானை வைக்கும் நாட்கள் வரும்போது, உப்பும் அரிசியும் வேகும் அந்த வாசனையிலேயே சிலருக்கு நெஞ்சு படபடக்கும். கோயில் திருவிழா வெடிக்குச் சிலர் நிலத்தோடு படுத்துவிடுவார்கள். ஹெலிகொப்டர் சத்தத்தில் கை தன்பாட்டில் பிள்ளையைத் தேடும். உயிர் தப்ப உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது. ஆபத்து போனபிறகும் மறக்க மறுக்கிறது. வருடத்தில் சில நாள் வந்து போனால் துக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் கனவில் வந்து, வேலைக்கும் சமையலுக்கும் உறவுக்கும் குறுக்கே நின்றால் சிகிச்சை வேண்டிய நிலை.

நீங்கள் மட்டும் தனியாள் இல்லை. போர் முடிந்த கையோடு, 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீடுகளைத் தெரிவு செய்து ஓர் ஆய்வு நடந்தது. போர் மனவடு நோய் (PTSD) 7 சதவீதத்தினருக்கும், மனச்சோர்வு 22.2 சதவீதத்தினருக்கும், பதகளிப்பு (ஓயாத பதற்றம்) 32.6 சதவீதத்தினருக்கும் இருந்தன. அப்போது இடம்பெயர்ந்திருந்தவர்களை மட்டும் எடுத்தால் இவை 13, 41.8, 48.5 சதவீதம். இறுதிக்கட்டம் நடந்த வன்னியில் எடுத்த கணக்கு இல்லை இது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மனநலப் பிரிவுக்குப் போனால் 'விசர்' என்பார்களே?

சொல்வார்கள். அதனால்தான் நம்முடைய ஆட்கள் நெஞ்சு நோவு, தலை விறைப்பு, உடம்பெரிவு, பெருமூச்சு என்று வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிறார்கள். "ஒரே யோசனை" என்று ஒரு அம்மா சொன்னால், அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறதென்று கேட்கத் தெரிந்த வைத்தியர் அதிர்ஷ்டவசமாக இங்கே சிலர் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இந்தப் பாஷையை நோயின் மொழியாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர். போரின் காயம் தனி ஆளில் மட்டுமன்றி குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது என்பதைத் தொடர்ந்து எழுதிவந்தார்.

அதேவேளை நெஞ்சு நோவை எல்லாம் "யோசனை" என்று தள்ளிவிடவும் கூடாது. அமெரிக்காவில் வியட்நாம் போர்க்கால இரட்டையர்களை வைத்து 2013 இல் வெளியான ஆய்வில், மனவடு நோய் இருந்தவர்களில் 22.6 சதவீதத்தினருக்கு இதய நோய் வந்தது, இல்லாதவர்களில் 8.9 சதவீதம். ஆகவே ஈ.சி.ஜி.யும் வேண்டும், பேச்சும் வேண்டும்.

ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் மருந்தும் ஆலோசனையும் இலவசம். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டித் தீர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மகனைக் கையில் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்தேன். இன்னும் தகவல் இல்லை. 'மறந்துவிடுங்கள்' என்கிறார்கள். எப்படி மறப்பது?

மறக்கச் சொல்பவர்கள் தங்கள் வசதிக்காகச் சொல்கிறார்கள். உடல் கிடைத்தால் எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று துக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு விளக்கேற்றினால் அவரை நாமே கொன்றதுபோல் ஆகிறது. ஏற்றாவிட்டால் அவர் ஆவி அலையுமோ என்று மனம் அடிக்கிறது. இந்த இரண்டுங்கெட்ட நிலையில் வருடக்கணக்காக நிற்பதுதான் நித்திரையின்மையாகவும், ஏறிய பிரஷராகவும், சாப்பாடு இறங்காமலும் வெளிப்படுகிறது.

கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய போராட்டத்தில் அமர்ந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். அந்தக் கொட்டகையை அரசியலாக மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: ஒரே கேள்வியோடு இருக்கும் இன்னொரு தாயின் அருகே உட்கார முடிந்தது அங்கேதான். வீட்டில் தனியாக இருந்து யோசிப்பதைவிட அது உடம்புக்கு நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

நிர்வாகப் பக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மரணச் சான்றிதழ் வாங்க மனமில்லாதவர்களுக்காக, 'இவர் இறந்தார்' என்று சொல்லாமல் 'இவரைக் காணவில்லை' என்று மட்டும் பதியும் சான்றிதழ் 2016 இன் சட்டத் திருத்தத்தால் வந்தது. வங்கி, காணி, பள்ளி அலுவல்களுக்கு அது பயன்படும். அதை வாங்குவதால் தேடலைக் கைவிட்டதாக ஆகாது.

போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் இது தொடருமா?

விதி என்று எதுவும் இல்லை. ஆனால் இரண்டு வழிகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று வயிற்றில் இருந்த காலம். நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களை முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களுக்கு உடம்பு சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது, இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டது. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் கருவிலிருந்த பிள்ளைகளுக்கு அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வயதுக்காரர்களுக்கு இளமையிலேயே சீனியும் பிரஷரும் பார்த்துவைப்பது புத்திசாலித்தனம்.

மற்றது வீடு. வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 2008 இல் வெளிவந்த ஆய்வு, போரும் சுனாமியும் மட்டுமல்லாமல், தகப்பனின் குடியும் வீட்டு அடி உதையும் பிள்ளைகளின் மனவடுவோடு சேர்ந்து நிற்பதைக் காட்டியது. கசிப்பு நித்திரைக்கு மருந்து என்று நம்பும் ஆண்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: குடி நித்திரையை இரவின் பின்பாதியில் உடைக்கிறது, கனவைக் கூட்டுகிறது, காலையில் பயத்தை இரட்டிப்பாக்குகிறது.

கணவர் இல்லை. எனக்கு வருத்தம் என்று பார்க்க நேரமே இல்லை.

கூலிக்குப் போனால்தான் அன்றைய அடுப்பு. கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் நட்டம். இலவச வைத்தியத்துக்கும் விலை இருக்கிறது என்பதை நகரத்தில் இருப்பவர்கள் புரிந்துகொள்வதில்லை. நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்கும் கிழமையில் பிரஷர் ஏறுவதைக் குளிசையால் மட்டும் இறக்க முடியாது.

குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். உங்கள் பிரிவு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு முப்பத்தைந்து வயதில் ஒருமுறை, நாற்பத்தைந்தில் ஒருமுறை போய்வாருங்கள். மார்பு, கருப்பைக் கழுத்து, சீனி, பிரஷர் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்ப்பார்கள். உங்களுக்கு நேர்ந்த, யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம் "பெண் வைத்தியரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்ற ஒரு வசனம் போதும்.

'வாழ்க்கைத் தரம்' என்று ஒரு கேள்வித்தாள் கொண்டு வருகிறார்கள். நிரப்பினால் என்ன கிடைக்கும்?

உங்கள் கைக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்கக் கேள்வித்தாளில் 26 கேள்விகள். உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கு பிரிவுகள். கடைசிப் பிரிவைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன்: கையில் காசு, வீட்டின் நிலை, வைத்தியசாலை எட்டும் தூரம், போக்குவரத்து. கால் இல்லாத இருவரில் ஒருவர் தார் வீதியோரம் கடை வைத்திருக்கிறார். மற்றவர் மழைக்கு அறுந்துபோகும் கிரவல் பாதையின் உள்ளே இருக்கிறார். காயம் ஒன்று, தூரம் வேறு. ஆகவே கேள்வித்தாளோடு வருபவரிடம், முடிவைக் கிராமத்துக்கு வந்து சொல்வீர்களா என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

காணியில் இன்னும் மிதிவெடி இருக்குமா?

இருக்கலாம். முகமாலை போன்ற இடங்களில் வருடக்கணக்காக அகற்றினார்கள். இலங்கை 2017 இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்து, 2028 ஐக் காலக்கெடுவாக ஏற்றது. சிவப்பு மண்டையோட்டுப் பலகையைத் தாண்டாதீர்கள். பழைய இரும்புக்கு விலை கிடைக்கிறது என்று எதையும் கிண்டாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிறேன். ஊரில் ஒருவருக்குச் சக்கர நாற்காலி அனுப்ப விரும்புகிறேன். எது நல்லது?

முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். விலையுயர்ந்த நாற்காலி ஒன்று மாட்டுக்கொட்டிலில் கோழி அடைகாக்கும் இடமாக இருந்ததைப் பார்த்தேன். முன்சில்லு சின்னது, மணலில் புதைந்துவிட்டது. டயர் வெடித்தபோது அந்த அளவு டியூப் சைக்கிள் கடையில் இல்லை. உள்ளூரில் திருத்தக்கூடிய, பெரிய முன்சில்லுள்ள நாற்காலியும், நல்ல மெத்தையும் போதும். மெத்தை நாற்காலியைவிட முக்கியம், இரண்டு மூன்று வருடத்தில் மாற்றவும் வேண்டும், அதற்கும் காசு ஒதுக்குங்கள். இருப்பவரின் இடுப்பு அகலத்தையும், அவர் வீட்டுக் கழிவறைக் கதவின் அகலத்தையும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். கதவு சிறிதென்றால், முதலில் மேசனுக்குக் காசு அனுப்புங்கள்.